உடன்குடிக்காரரைக் கவனித்த ஞாயிறுகள்

ஐம்பதை ஒட்டிய பத்துப் பன்னிரண்டு ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வந்து, வலை கட்டி, வாலிபால் ஆடுகிறார்கள். யாரும் புள்ளி எண்ணுவதில்லை. யார் ஜெயித்தது என்று கேட்பதில்லை. வியர்க்க வியர்க்க ஆடிவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள். செம்பூர் மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே நின்று முதல் நாள் இதைப் பார்த்தபோது, இதில் ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆள் சேர்க்கிறார்களா? யாராவது கார்ப்பரேஷன் தேர்தலில் நிற்கப்போகிறாரா? காரணம் இல்லாமல் ஒரு மனிதன் எதிரில் நிற்கிறவனுக்குப் பந்தை இவ்வளவு பதமாகத் தூக்கிக் கொடுப்பானா?

எனக்கு அப்படித்தான் தோன்றும். தாராவியில் சட்டை தைக்கும் பட்டறை ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கிறவன் நான். தைத்து வருகிற சட்டையை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, காலர் கோணியிருக்கிறதா, அக்குளில் தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் மெஷின்காரருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இளவயதிலிருந்து இதையே செய்தவனுக்கு மனிதர்களையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும் புத்தி வந்துவிடுகிறது. “அப்பா ஸ்கேனிங் ஆரம்பிச்சாச்சு” என்று என் மகள் கிண்டல் செய்வாள்.

அவளுக்காகத்தான் நான் அந்த வேலிக்கு வெளியே போய் நின்றேன்.

குர்லாவில் ஒரு ஆபீஸில் அவளுக்கு வேலை. கூட வேலை பார்க்கிற பையனைப் பிடித்திருக்கிறது என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். நம் பக்கத்துக் குடும்பம்தான், அப்பாவுக்குச் சொந்த ஊர் உடன்குடி, செம்பூரில் வீடு, மளிகைக் கடை. அவர்கள் வீட்டில் சம்மதம். நான் சரி என்றால் வந்து பேசுவார்களாம். சொல்லிவிட்டு செல்போனை நீட்டினாள்.

“ஃபேமிலி ஃபோட்டோப்பா. ஏக் பார், ஒரே ஒரு தடவ பாருங்க, ப்ளீஸ்.”

“ஃபோட்டோவுல எல்லாவனும் யோக்கியனாத்தான் இருப்பான். உள்ள வையி.”

“அப்ப எப்படித்தான் பாப்பீங்க?”

“எனக்குத் தெரியும்.”

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. “நீங்க நோ சொன்னா நான் ஓடிப்போக மாட்டேன்ப்பா. ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன். பக்கா” என்று மட்டும் சொன்னாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

பையனைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. பயமெல்லாம் பையனின் அப்பாவைப் பற்றித்தான். என் அக்காவை அப்படி ஒரு வீட்டில்தான் கொடுத்தோம். என் அப்பா விசாரிக்காமல் கொடுக்கவில்லை. கடைத்தெருவில் கேட்டார், கோயிலில் கேட்டார், அந்தத் தெருவில் பால் ஊற்றுகிறவரைக்கூட விடவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவா, தங்கமான மனுசன்லா என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தெருவுக்கு அவர் தங்கம்தான். வீட்டுக்குள்ளே பெண்களின் குரல் எழும்பக் கூடாது. எழும்பினால் கையில் கிடைத்ததை எடுப்பார். அக்காவின் புருசன் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சில வருடம் பொறுத்துவிட்டு, அக்கா ஒரு பையோடு பம்பாய்க்கு வந்துவிட்டாள். என் மனைவி இறந்த பிறகு என் மகளை வளர்த்ததும் அவள்தான். யாராவது கதவைத் தட்டினால் இன்றைக்கும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் எழுந்து போவாள்.

அதனால் இந்தத் தடவை பிறத்தியார் வாயை நம்பப்போவதில்லை, நானே பார்ப்பேன் என்று முடிவு செய்தேன். பையனின் அப்பா ஞாயிறுதோறும் வாலிபால் ஆடுகிறார் என்று மகள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். எந்த மைதானம் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைத்துக்கொண்டேன். ஆட்டத்தில் மனிதனின் குணம் வெளியே வந்துவிடும். யார் என்று சொல்லாமல் கூட ஆடினால் ஆளை உள்ளும் புறமும் பார்த்துவிடலாம். இதுதான் என் திட்டம்.

உள்ளே போவது கஷ்டமாக இல்லை. வேலிக்கு வெளியே நின்றவனைப் பார்த்து ஒருவர், “ஓய், நிக்கிறதுக்கு உள்ள வந்து ஆடும். ஆளு கொறையுது” என்று கூப்பிட்டார். உள்ளே போனதும் அடுத்த கேள்வி, “எந்த ஊரு?”

பெயரை யாரும் கேட்கவில்லை. அங்கே பெயருக்கு வேலை இல்லை. எல்லோருக்கும் சொந்த ஊர்தான் பெயர். சாத்தான்குளம், பணகுடி, நாசரேத் என்று ஊர் ஊராகத்தான் பந்தைக் கேட்பார்கள். பிழைக்க வந்த இடத்தில் நம் ஆட்கள் ஒருவரையொருவர் ஊரைச் சொல்லிக் கூப்பிடுவது புதிதில்லை. எனக்கு நாங்குநேரி. அதைச் சொன்னால் பெண்ணின் அப்பா என்று பையன் வீட்டாருக்குத் தெரிந்துவிடும். “ஏரல்” என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து நான் ஏரல். நல்ல வேளை, வேறு ஏரல்காரர் யாரும் அங்கே இல்லை. இருந்திருந்தால் எந்தத் தெரு, யார் மகன் என்று கேட்டே என்னைக் கிழித்திருப்பார்.

சிறிது நேரத்தில், “உடங்குடி, உமக்குத்தாம்வே!” என்று ஒரு குரல் கேட்டது. பந்தை வாங்கிய மனிதரைப் பார்த்தேன். நல்ல சிவப்பு, தொப்பை, வாய் நிறையச் சிரிப்பு. ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆட்டத்தின் முறையே தனி. ஓங்கி அடிக்கக் கூடாது. பந்து கீழே விழாமல் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். விழுந்துவிட்டால், விட்டவர் தானே கையைத் தூக்கி “நான்தான்” என்று சொல்லிவிட்டு, வலைக்கு அடியில் குனிந்து எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும். அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். ஆகவே யாரும் எந்தக் கட்சியிலும் நிலையாக இருப்பதில்லை. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர்களுக்கு டாக்டர் சொன்னது என்றார்கள். நான் நம்பவில்லை. தோற்காத ஆட்டத்தில் எவனுக்குக் கோபம் வரும்? கோபம் வராவிட்டால் நான் எதைப் பார்த்துக் குணத்தைக் கண்டுபிடிப்பது? என்னை ஏமாற்றவென்றே உண்டாக்கிய ஆட்டம் போலிருந்தது.

ஆனாலும் விடவில்லை. மழைக்காலம் முடிகிறவரை ஞாயிறு தவறாமல் போனேன். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். உடன்குடிக்காரர் பந்தை விட்டால் கையைத் தூக்குகிறாரா என்று பார்த்தேன். தூக்கினார். சேற்றில் நான் வழுக்கி விழுந்தபோது, “பரவால்ல ஏரல், பந்து எங்க ஓடிறப் போவுது” என்றார். எல்லோர் தோளிலும் கை போட்டார். டீ குடிக்கும்போது அடுத்தவருக்கு முதலில் டம்ளரை நீட்டினார். அவரைப் பற்றிக் கேட்டவர்களெல்லாம் நல்ல மனுசன் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்கக் கேட்க எனக்கு உள்ளுக்குள் நெருடியது. இவ்வளவு இனிப்பு எங்கேயோ புளிக்கத்தான் போகிறது என்று காத்திருந்தேன்.

அந்தக் கூட்டத்தில் திசையன்விளை என்று ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். பேச்சு குறைவு, ஆட்டமும் சுமார்தான். ஆட்டம் முடிந்ததும் ஸ்டேஷன்வரை என்னோடு நடந்து வருவார், கடை அந்தப் பக்கம் என்று. எங்கள் இருவருக்கும் நடுவில் பந்து விழுந்தால் அவர்தான் கையைத் தூக்குவார். என் முழங்கால் வலி அவருக்குத் தெரியும். எனக்கு முன்னால் விழுகிற பந்துக்கு அவரே ஓடுவார். இதையெல்லாம் நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. என் கண் முழுக்க உடன்குடிக்காரர் மேல் இருந்தது.

கடைசியில் காத்திருந்தது கிடைத்தது. ஒரு ஞாயிறு ஆட்டத்துக்கு நடுவில் உடன்குடிக்காரரின் செல்போன் அடித்தது. சிரித்த முகத்தோடுதான் வேலி ஓரம் போனார். அங்கே ஷூவுக்குள் போன கல்லை எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததை அவர் பார்க்கவில்லை.

“ஆட்டத்துல நிக்கும்போது போன் அடிக்காதன்னு எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்? மூடுட்டீ வாய. நான் வீட்டுக்கு வாறேன், வந்து இருக்கு ஒனக்கு.”

போனைப் பையில் போட்டார். திரும்பினார். அதே சிரிப்பு முகத்தில் ஏறிக்கொண்டது. “யாருவே சர்வீஸு?” என்று கூவிக்கொண்டே உள்ளே ஓடினார்.

சந்தேகப்பட்டது சரியாகப் போய்விட்டது என்ற சந்தோஷம் ஒரு நொடி வந்தது. அடுத்த நொடியே மகளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஆட்டமே ஓடவில்லை.

அன்றைக்கு ஸ்டேஷனுக்கு நடக்கும்போது திசையன்விளைக்காரர், “என்ன அண்ணாச்சி, மொகமே சரியில்ல” என்றார். யாரிடமும் வீட்டுக் கதையைப் பேசுகிறவன் இல்லை நான். அன்றைக்கு அடக்க முடியவில்லை.

“அந்த உடங்குடிக்காரர் மவனுக்கு என் பொண்ணக் கேக்காவ அண்ணாச்சி. நான் ஏரல் இல்ல, நாங்குநேரி. ஆளப் பாக்கத்தான் இங்க வந்தேன். இன்னைக்குப் பாத்துட்டேன்.”

அவர் நின்றுவிட்டார். “பொண்ணு எங்க வேல பாக்கு?” என்று கேட்டார்.

“குர்லாவுல. பையனும் அந்த ஆபீஸுதான்.”

அவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். லேஸ் அவிழ்ந்திருக்கவே இல்லை என்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். போனில் கேட்டதைச் சொன்னேன். அக்காவின் கதையைச் சொன்னேன். ஊரே கூடித் தங்கமான மனுசன் என்று சொல்லி எங்களைக் குழியில் தள்ளியதைச் சொன்னேன். நடுரோட்டில் என் குரல் உடைந்துவிட்டது, வெட்கமாகப் போய்விட்டது.

அவர் நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“மனசுக்கு ஒப்பலன்னா குடுக்காதீங்க அண்ணாச்சி” என்றார். “பிள்ள வாழப்போற வீடு. சந்தேகத்த வச்சிக்கிட்டுக் குடுக்கக் கூடாது.”

அதற்கு மேல் பேசாமல் கடைப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். ரயிலில் உட்கார்ந்ததும் அவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. சம்பந்தமில்லாத மனிதர், இந்தக் கல்யாணம் நிற்பதில் இவருக்கு என்ன அக்கறை? கூட ஆடுகிற ஆளுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசியிருக்கலாமே. இவருக்கு ஒரு மகன் இருக்கிறானோ, என் பெண்ணைக் கேட்கப் போகிறாரோ என்றுகூட நினைத்தேன்.

வீட்டுக்குப் போய், இந்த இடம் வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். ஞாயிறுகளில் எங்கே போனேன், என்ன பார்த்தேன், என்ன கேட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “குடுக்காண்டாம், தம்பி” என்றாள்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சிவப்பா, தொப்பையோடயா?”

“ஆமா.”

“நஹிப்பா. எங்க மாமா அப்படி இல்ல.”

செல்போனை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பவில்லை. பையன் நின்றான், அவன் அம்மா நின்றாள். பக்கத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியோடு நின்றது திசையன்விளைக்காரர்.

உட்கார்ந்தேன். அவர் மகனுக்கு என் பெண்ணைக் கேட்கிற கதையை அந்த மனிதரிடமே சொல்லிப் புலம்பியிருக்கிறேன். கொடுக்காதீங்க என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு நான் ஆடப் போகவில்லை. ஆட்டம் முடிகிற நேரத்துக்குப் போய் மைதானத்து வாசலில் நின்றேன். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அவர் என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். தலையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“நீங்க திசையன்விளைன்னுல்லா சொன்னாவ?” என்று கேட்டேன். கேள்வியில் கோபம்தான் இருந்தது.

“நான் வாறதுக்கு முன்னாலயே இங்க ஒரு உடங்குடி இருந்தாரு. ரெண்டு உடங்குடின்னா பந்து யாருக்குன்னு தெரியாதுல்லா. அதனால எங்க வீட்டுக்காரி ஊரச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சிட்டாவ. அப்படியே நின்னுபோச்சு.”

“அன்னைக்கே ஏன் சொல்லல, நான்தான் பையனோட அப்பான்னு?”

அவர் வேலியில் சாய்ந்துகொண்டார்.

“எப்படிச் சொல்ல அண்ணாச்சி? உங்க அக்காவப் பத்திச் சொன்னீங்க. எல்லாரும் நல்லவருன்னு சொல்லித்தான் அந்தப் பிள்ள சீரழிஞ்சிதுன்னு சொன்னீங்க. அதக் கேட்ட பொறவு, அவரு இல்ல, நான்தான், நான் நல்லவன்னு என் வாயால சொன்னா நீங்க நம்புவீங்களா? நீங்க நம்பினாலும் எனக்குச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு.”

“அதுக்காகக் குடுக்காதீங்கன்னு சொல்லுவீங்களா?”

“சந்தேகத்தோட அனுப்பினா அந்தச் சந்தேகமும் பிள்ள கூடவேல்லா எங்க வீட்டுக்குள்ள வரும். இந்த வாரம் பூரா என் மவன் மொகத்தப் பாக்க முடியல. அதுவும் நெசந்தான்.”

நன்றாகத்தான் பேசினார். என் நெஞ்சு இளகியது. இளகிய உடனே எச்சரிக்கையும் வந்துவிட்டது, என்ன செய்ய, என் பிறவி அப்படி. அக்காவின் மாமனாரும் என் அப்பாவிடம் நெஞ்சு இளகத்தான் பேசினார். நல்ல சட்டை என்று தள்ளிவைத்த பிறகும் ஒரு தடவை எடுத்து உதறிப் பார்க்கிற கை என்னுடையது. நான் தயங்குவதை அவர் புரிந்துகொண்டார் போல.

“ஒண்ணு செய்யுங்க” என்றார். “நீங்க வராண்டாம். உங்க அக்கா வந்து எங்க வீட்டப் பாக்கட்டும். சொல்லிட்டும் வராண்டாம், என்னைக்கு வேணா வரட்டும். எங்க பாக்கணும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.”

அக்கா லேசில் சம்மதிக்கவில்லை. நல்ல காரியத்துக்கு நான் எதுக்கு, வாழாம வந்தவ என்றாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அத்த, நீங்க ஓகே சொன்னா எனக்கு டென்ஷன் இல்ல. நோன்னாலும் சரி” என்றாள். அதற்குப் பிறகுதான் அக்கா பீரோவைத் திறந்து சேலை எடுத்தாள்.

வேலை நாள் சாயங்காலமாகப் பார்த்து அவளைச் செம்பூருக்குக் கூட்டிப்போனேன். கட்டிடத்துக்குக் கீழே ஆட்டோவை விட்டு இறங்கியதும், “நீ மேல வராத” என்றாள். “ஆம்பள வந்தா எல்லாரும் ஒழுங்கா உக்காந்துக்கிடுவாவ.”

நான் கீழேயே நின்றேன். எந்த ஜன்னல் அவர்கள் வீட்டுடையது என்று தெரியாமல் எல்லா ஜன்னலையும் பார்த்தேன். ரொம்ப நேரம் ஆனது. அக்காவிடம் வம்பு பேசி அனுப்பிவிடுவார்களோ? வந்தவளை நன்றாகக் கவனித்து மயக்கிவிடுவார்களோ? அவரே இப்போது மேலே உட்கார்ந்து நல்லவராக நடித்துக்கொண்டிருக்கிறாரோ? வாட்ச்மேன் என்னைச் சந்தேகமாகப் பார்த்து, “கிஸ்கோ மில்னா ஹை?” என்று கேட்டார். யாரையும் பார்க்க வரவில்லை என்றேன்.

கடைசியில் அக்கா படியிறங்கி வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா? என்ன நடந்துச்சு?”

“அந்தம்மா புருசன ஏசுது, தம்பி.”

“எதுக்கு?”

“கடையில இருந்து வந்தாரு. காப்பியக் குடிச்சிட்டு டம்ளர அங்கனயே வச்சாரு. கழுவி வைக்கத் தெரியாதான்னு ஏசுது. என் முன்னாலயே. சத்தமா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். அவரு எந்திரிச்சுப் போயிக் கழுவுதாரு.”

அக்கா என் கையைப் பிடித்தாள்.

“நான் அந்தம்மா மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். ஏசிட்டு அது அவரு மொகத்தத் திரும்பிப் பாக்கல, தம்பி. என்ன செய்வாரோன்னு பாக்கவே இல்ல. எங்கிட்ட பேசிட்டிருந்தத விட்ட எடத்துல இருந்து பேசுது.”

அதைச் சொல்லிவிட்டு அக்கா அந்தக் கட்டிடத்து வாசலிலேயே நின்று அழுதாள். வாட்ச்மேன் பார்க்கிறார் என்பதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அழுது முடித்துவிட்டு, மூக்கைச் சிந்தி, “குடுத்துரு” என்றாள்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதையும் விசாரிக்கவில்லை.